மூன்றாம் பிரிவில் ஓர் ‘அல்லது’

சபாநாயகர் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறதா? அடிக்கட்டும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். இரண்டு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். கடைசிப் பேச்சு வரைக்கும் எனக்கு அடித்துக்கொண்டேதான் இருந்தது. அடிக்காமல் போனால்தான் கவலைப்பட வேண்டும்.

புதிதாகச் சட்டசபைக்குப் போகிற உங்களுக்கு, கேள்வி எப்படிக் கொடுப்பது, நோட்டீஸ் எத்தனை மணிக்குள் கொடுப்பது என்பதையெல்லாம் அங்கிருக்கும் ஊழியர்களே அழகாகச் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது அதை அல்ல. ஒரே ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

பாறசாலைப் பக்கம், மலையாள மாநிலத்தின் எல்லைச் சந்திப்பில் தையல் கடை வைத்திருந்தவள் நான். பஞ்சாயத்து மெம்பரானேன், பிறகு எம்.எல்.ஏ. ஆனேன். ஆன பிறகும் ஊரில் எனக்கு ‘மெம்பரக்கா’ என்றுதான் பெயர். எங்கள் ஊர்களில் ஒரு ரோட்டைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். உப்பு வாங்கப் போகிறவள் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டு வருவாள். வேலையும் அப்படித்தான். வீடு அந்தப் பக்கம் இருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற தோட்டம் இந்தப் பக்கம் இருக்கும்.

முதல் தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தபோது ஒரு நாள் காலையில் அம்பூரிக்கு ஒரு நிகழ்ச்சிக்காகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தோட்டத்தின் முன்னால் கூட்டம். ஒரு பெண் ரோட்டின் நடுவிலேயே வந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காரை மறித்துவிட்டாள்.

“எக்கா, வண்டிய நிறுத்துங்க! எனக்க மாப்பிளய அணலி கடிச்சிட்டு!”

அணலி என்றால் கண்ணாடி விரியன். எங்கள் ரப்பர் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும். பால் வெட்டப் போகிறவர்களுக்கு எமன். அவள் பெயர் தங்கம்மை. கணவர் செல்லத்துரை மரத்தடியில் சாய்ந்து கிடந்தார். கணுக்கால் அதற்குள் வீங்கியிருந்தது. நாலு பேராகத் தூக்கிக் காரின் பின்சீட்டில் போட்டோம். அம்பூரி நிகழ்ச்சியை மறந்தேன். வண்டி காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

நான் முன்சீட்டிலிருந்து முழுக்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “அண்ணே, கண்ண மூடப்பிடாது கேட்டீரா! என்னையப் பாத்து எதாவது பேசும்!” என்று கத்திக்கொண்டே வந்தேன்.

அவருக்கு உதடு காய்ந்து போயிருந்தது. அந்த நிலைமையிலும், “ஒங்க காருல ஏறுவேன்னு நான் நெனக்கவே இல்ல மெம்பரே, ஓட்டு அடுத்த ஆளுக்காக்கும் போட்டேன்” என்றார்.

தங்கம்மை அவர் வாயைப் பொத்தினாள். “சும்மா கெடயும்! உமக்கு ஓட்டே அந்தப் பக்கம்லா!”

ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றினார்கள். ஆனாலும் விஷம் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. டயாலிசிஸ், தீவிர சிகிச்சை என்று ஆள் பல நாள் கிடந்தார். பிழைத்துவிட்டார். நான் பார்க்கப் போயிருந்தபோது தங்கம்மை என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“எக்கா, பாம்பு கடிச்சா சர்க்காரு பாத்துக்கிடும்னு ஒரு சட்டம் வருதாமே, டீவில சொன்னாவ. இனிமே இப்பிடி ஒண்ணு வந்தா எங்களுக்கும் அது உண்டா?”

“கண்டிப்பா உண்டும்மா,” என்றேன். வாயில் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அந்த மசோதாவை எடுத்து வாசித்தேன். மூன்றாம் பிரிவு. பாம்போ காட்டு விலங்கோ தாக்கினால், ‘மாநிலத்தில் வசிக்கிற எவருக்கும்’ சிகிச்சையை அரசு ஏற்கும். நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். வசிக்கிற. தங்கம்மையின் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். அவர்கள் நம் மாநிலத்து மரத்தை வெட்டுகிறார்கள், நம் மாநிலத்துச் சருகில் நடக்கிறார்கள், ஆனால் நம் மாநிலத்தில் வசிக்கவில்லை.

மசோதா எங்கள் குழுவுக்கு வந்தது. சட்டசபைக் குழுவில் அமைச்சர்தான் தலைவர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரும். கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது. ஒரு மனிதர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் அதைவிட வசதியான இடம் கிடையாது. இதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

மூன்றாம் பிரிவு வந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். துறைச் செயலாளர் மரியாதையாகவே பதில் சொன்னார்: “பக்கத்து மாநிலத்தவரை அந்த மாநிலம் பார்த்துக்கொள்ளும் மேடம்.”

என் நாக்கு சும்மா இருக்குமா? “சரி சார், கடிச்ச பாம்பு எந்த மாநிலத்துப் பாம்பு?” என்று கேட்டேன்.

அறையே அதிர்ந்தது. அமைச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். செயலாளரும் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் டீ வந்தது. டீ முடிந்ததும் அமைச்சர், “சரி, நான்காம் பிரிவு,” என்றார். மூன்றாம் பிரிவு முடிந்துவிட்டது! எல்லோரும் நன்றாகச் சிரித்ததால், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லாமல் போயிற்று.

நான் வெளியே வந்து படியில் நின்றேன். எதிர்க்கட்சியைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் பின்னாலேயே வந்தார். பல சபைகளைப் பார்த்தவர். வடக்கே எங்கேயோ மலையோரத் தொகுதிக்காரர். அதுவரை என்னிடம் அவர் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. மலையாளத்தில் சொன்னார்: “மோளே, பாம்புக் கேள்வி அழகு. ஆனால் அந்த ஆளை எங்கே காணோம்?”

எனக்குப் புரியவில்லை.

“பாம்பைப் பற்றிச் சொன்னாய், சிரித்தோம். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டோம்.”

“இனி என்ன செய்யலாம் சார்? நீங்கள் ஒரு திருத்தம் கொண்டுவர முடியாதா? நான் ஆளுங்கட்சி, நான் கொண்டுவந்தால் என்னைக் கட்சியில் வைத்திருக்க மாட்டார்கள்.”

“நான் கொண்டுவந்தால் அது எதிர்க்கட்சித் திருத்தம். அமைச்சர் வாசிக்காமலே வேண்டாம் என்பார். அவர் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரே வழிதான் உண்டு. அவரே எழுந்து அவருடைய மசோதாவைத் திருத்த வேண்டும். உன் திருத்தத்தை ஏற்கச் சொல்லாதே. அவர் மசோதாவை நன்றாக்கிக்கொள்ளச் சொல்.”

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

மசோதா சபைக்கு வந்த அன்று எனக்குச் சில நிமிடங்கள்தான் கிடைத்தன. கட்சிக் கொறடா காலையிலேயே வந்து காதில் சொன்னார்: “சேச்சி, மசோதாவை ஆதரிக்கிறேன்னு சொல்லணும், நன்றின்னு சொல்லணும், உட்காரணும். அந்த எல்லை விஷயத்தை எடுக்கவே கூடாது.” அவரும் கெட்டவர் அல்ல. செலவு கூடுகிற விஷயத்தை ஆளுங்கட்சிக்காரி கிளப்பினால் மறுநாள் பத்திரிகையில் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியும்.

என் பெயர் வந்தது. எழுந்தேன். மசோதாவை ஆதரித்தேன், மனப்பூர்வமாகவே ஆதரித்தேன், நல்ல மசோதாதான். பிறகு செல்லத்துரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மலையாளத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். கார் காரக்கோணத்தை நோக்கிப் போனதைச் சொல்லும்போது மலையாளம் எங்கே போனதோ தெரியாது, ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

“அந்த மனுசன தூக்குன நாலு பேருல ரெண்டு பேரு இந்தப் பக்கம், ரெண்டு பேரு அந்தப் பக்கம். யாரும் யாருக்க வீடு எங்கன்னு கேக்கல்ல. ஆஸ்பத்திரியிலயும் கேக்கல்ல. இந்தச் சட்டம் மட்டும் என்னத்துக்கு கேக்குது?”

கொறடா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து உறுப்பினர் என் முந்தானையை மெல்ல இழுத்தார். நான் அமைச்சரை நேராகப் பார்த்து மறுபடி மலையாளத்துக்கு வந்தேன். “இது உங்கள் மசோதா. நம் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் கடிபட்டுக் கிடக்கும்போது அது அவரைத் தாண்டிப் போக வேண்டும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். ‘வசிக்கிற’ என்பதை ‘வேலை செய்கிற’ என்று நீங்களே மாற்றினால் போதும்.” உட்கார்ந்தேன்.

அமைச்சர் பதில் பேச எழுந்தார். எல்லோருக்கும் பதில் சொன்னார். என் பேச்சுக்கு வந்தபோது நின்றார். அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். “பரிசோதிக்கலாம்” என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்தச் சொல்லை நீங்களும் நிறையக் கேட்பீர்கள். கதவைச் சாத்துகிற சொல் அது. அவர் அதைச் சொல்லவில்லை. “அந்த உறுப்பினர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிரிவு வரும்போது அரசே திருத்தம் கொண்டுவரும்,” என்றார்.

எனக்குக் காது அடைத்தது. எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. கொறடா திரும்பி என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துச் சிரித்தார். ஆளுங்கட்சி மேஜைகள் தட்டப்பட்டன. கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

கொஞ்ச நேரத்தில் பிரிவுகள் ஒவ்வொன்றாக வாக்கெடுப்புக்கு வந்தன. பிரிவுகள் வருகிற வேகத்தை நீங்கள் நேரில்தான் பார்க்க வேண்டும். ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள், நிறைவேறியது என்று சபாநாயகர் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போவார். அந்த நேரம் பார்த்து வேறொரு விவகாரத்துக்காக எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. கோஷத்தோடு எழுந்து போனார்கள். காலியான அந்த வரிசைகளில் ஒரே ஒருவர் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னுடைய மூத்த உறுப்பினர்.

மூன்றாம் பிரிவு வந்தது. அமைச்சர் எழுந்து அதிகாரி அவசரமாக எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை வாசித்தார்: “‘மாநிலத்தில் வசிக்கிற’ என்பதற்குப் பதிலாக ‘மாநிலத்தில் வேலை செய்கிற’ என்று சேர்க்கப்படும்.”

நான் கேட்டது அதே வார்த்தை. நான் கேட்டபடியே. சந்தோஷத்தில் மேஜையைத் தட்டக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

வேலை செய்கிற. அப்படியென்றால் வேலைக்குப் போகாதவர்கள்? பள்ளிக்கூடம் விட்டுத் தோட்டம் வழியாக நடந்து வருகிற பிள்ளைகள்? விறகு எடுக்கக் கொல்லைப்பக்கம் போகிற அம்பூரிக் கிழவர்கள்? இதுவரை இந்த மசோதாவுக்குள் இருந்த அத்தனை பேரையும் என் ஒரு வார்த்தை வெளியே தள்ளிவிட்டது! தங்கம்மையை உள்ளே கொண்டுவரப் போய் என் சொந்தத் தொகுதியையே வெளியே நிறுத்திவிட்டேன்.

“ஆதரிப்பவர்கள்...” சபாநாயகர் தொடங்கிவிட்டார்.

நான் எழுந்தேன். மைக் இல்லை. “சார்! சார்! ஒரு நிமிஷம்!” யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள் நான் நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்துக் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். கொறடா, “உட்காருங்க சேச்சி, அதான் கிடைச்சாச்சே!” என்றார்.

அப்போது காலி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “ஒழுங்குப் பிரச்சினை!”

ஒழுங்குப் பிரச்சினை என்று ஓர் உறுப்பினர் எழுந்துவிட்டால் சபாநாயகர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினார். மூத்த உறுப்பினர் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் ஏன் எழுந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தர, நான் எழுந்த விதமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நான் ஓடினேன். சபைக்குள் ஓடக் கூடாது, தெரியும். அமைச்சரின் இருக்கைக்குப் போய்க் குனிந்து, மூச்சு வாங்க, மலையாளத்தில் ஒரே சொல் சொன்னேன்: “அல்லெங்கில்!”

அமைச்சர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“வசிக்கிற அல்லது வேலை செய்கிற. ‘வசிக்கிற’வை எடுக்காதீர்கள் சார். எடுத்தால் பிள்ளைகள் எல்லாம் வெளியே போய்விடுவார்கள்!”

அவர் காகிதத்தைப் பார்த்தார். நிறம் மாறியது. அவருக்கும் மலையோரத் தொகுதிதான்.

அந்தப் பக்கம் சபாநாயகர் பொறுமை இழந்திருந்தார். “உறுப்பினரின் ஒழுங்குப் பிரச்சினை என்ன?”

“எதிர்க்கட்சி வரிசையில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். எதிர்க்கட்சித் தலைவருக்கு உரிய கார் எனக்குக் கிடைக்குமா என்று அறிய விரும்புகிறேன்.”

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. “அனுமதி இல்லை, உட்காருங்கள்,” என்று சபாநாயகரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபோது அமைச்சர் பேனாவை மூடி எழுந்து நின்றிருந்தார். “திருத்தத்தைத் திருத்தி வாசிக்கிறேன். ‘மாநிலத்தில் வசிக்கிற அல்லது வேலை செய்கிற எவருக்கும்...’”

ஆதரிப்பவர்கள். எதிர்ப்பவர்கள். நிறைவேறியது.

மூத்த உறுப்பினர் பையைத் தோளில் மாட்டினார். கையை உயர்த்தி, தன் கட்சிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கோஷத்தைத் தனியாளாகப் போட்டுக்கொண்டே, மெதுவாக நடந்து, அந்த நீளமான சபையைக் கடந்து வெளிநடப்பு செய்தார். ஆளுங்கட்சி வரிசையில் நான் ஒருத்திதான் அவருக்காக எழுந்து நின்றேன். தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று யோசிக்கக்கூட இல்லை.

புதியவர்களே, வெற்றி கைக்கு வந்த நிமிடத்தில்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்டதையே அப்படியே தந்துவிடுவார்கள். தரும்போது நீங்கள் கேட்டது சரிதானா என்று பார்க்கிற பொறுப்பு உங்களுடையது மட்டுமே. எதிர் வரிசையில் நல்ல ஆள் ஒருவராவது இருப்பார். முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

சட்டம் வந்த பிறகு தங்கம்மையைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னேன். சட்டம் வந்தது அவள் கணவர் கடிபட்டதற்குப் பிறகு. செல்லத்துரையின் சிகிச்சைக்கு அது பொருந்தாது.

உள்ளே கட்டிலில் இருந்த செல்லத்துரை, “நான் கொஞ்சம் பொறுத்து கடி வாங்கியிருக்கணும் இல்லியா மெம்பரே,” என்றார்.

தங்கம்மை சிரிக்கவில்லை. “அவருக்கு கெடைக்காட்டா போட்டும் எக்கா. இனி அவரால அந்த மேட்டுல ஏற முடியாது. இப்ப அந்த மரத்த வெட்டுறது நானாக்கும். எனக்கு அது பொருந்துமா?”

“பொருந்தும்.”

“வாசியுங்க பாப்போம்.”

வாசித்தேன். தமிழில் சொன்னேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். அவளுக்குச் சந்தேகம். “வேல செய்யிறதுன்னா நாங்க. வசிக்கிறதுன்னா?”

“அது இந்தப் பக்கத்து ஆளுங்க. வேலைக்குப் போகாத வயசானவங்க, பிள்ளைங்க. அவங்க விட்டுப்போக இருந்தாங்க, கடைசி நேரத்துல பிடிச்சு உள்ள போட்டேன்.”

“அய்யோ, பாவங்க!” என்று நெஞ்சில் கைவைத்தாள். “அவிய இல்லாம என்ன சட்டம்? நல்லவேள பாத்தியள்.”

பிறகு மரத்தில் வேலை கிடக்கிறது என்று சொல்லி, முட்டி வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து தோட்டத்துக்குள் ஏறிப் போனாள்.